சாருக்கு ஒரு சந்தேகம்

ஜூலை 8, திங்கள்

தலைகீழ் வகுப்பறையாம். எங்கள் தலைமையாசிரியை திலகவதி மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு. பாடத்தை நான் வீட்டிலேயே வீடியோ எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்ப வேண்டுமாம். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு வருவார்களாம். வகுப்பில் நான் பாடமே நடத்தக் கூடாதாம். அவர்கள் கணக்குப் போட்டு, கருவிகளைத் தொட்டுப் பார்த்து, கேள்வி கேட்டுப் படிப்பார்களாம்.

"அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

"அதைத்தான் டீச்சர் கண்டுபிடிக்கணும்" என்று சிரிக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பேச்சில் சர்க்கரை கொட்டும்.

அப்புறம் கதவைச் சாத்திவிட்டு விஷயத்துக்கு வந்தாள். "உங்க ரிசல்ட்டுல ஒரு குறையும் இல்ல டீச்சர். ஆனா பன்னெண்டு பி பக்கம் எப்பப் போனாலும் உங்க குரல் மட்டும்தான் கேக்குது. ஒரு பிள்ளை வாயைத் திறக்க மாட்டேங்குது. நவம்பர்ல நான் வந்து பின் பெஞ்சுல உக்காருவேன். பிள்ளைக உங்களைக் கேள்வி கேக்கணும். அது நடக்கலைன்னா பிளஸ் டூவை ஜெனிபருக்குக் குடுத்துட்டு, உங்களுக்கு ஒம்பதாங் கிளாஸ் போட்டுருவேன்."

ஜெனிபர் போன வருஷம் சேர்ந்தவள். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான். காலமெல்லாம் பிளஸ் டூ இயற்பியல் எடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் நடத்திக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டுமாக்கும். அதையும் பார்த்துவிடலாம்.

பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை என்றால் என்ன அர்த்தம்? பாட முடிவில் தினமும் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்கிறேன். நாற்பது பேரும் ஒரே குரலில் "இல்ல டீச்சர்" என்கிறார்கள். புரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்!

குக்கர் வாஷர் வாங்க வேண்டும். நீராவி பக்கவாட்டில் போகிறது.

ஜூலை 10, புதன்

முதல் வீடியோ. ரவை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, கதவில் சார்ட் ஒட்டி எடுத்தேன். பத்து நிமிஷ வீடியோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் தடவை தலை இல்லாமல் வந்தது. இரண்டாவது தடவை "முறுக்கு, அதிரசம்" என்று சைக்கிள்காரர் வந்துவிட்டார். என்னைத் திரையில் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. யாரையோ திட்டப் போகிற முகம். வெளிச்சம் சரியில்லை, அதனால்தான்.

ஜூலை 11, வியாழன்

பாதிப் பேர் வீடியோ பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பாதி பார்த்திருக்கிறார்கள். பயிற்சியில் சொன்னபடி, வகுப்புக்குள் நுழையும்போது ஆளுக்கொரு சீட்டில் ஒரு சந்தேகம் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நாற்பது சீட்டிலும் "சந்தேகம் இல்லை டீச்சர்."

கார்த்திகைச்செல்வி மட்டும் மெல்ல எழுந்தாள். கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக இருப்பாளே, அந்தப் பிள்ளை. "டீச்சர், இந்த ஆம்பியர்னா..." என்று இழுத்தாள். "இதுகூடத் தெரியாதா? பத்தாங் கிளாஸ்ல என்னத்தடி கிழிச்ச?" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். பிறகு வரையறையை மூன்று தடவை சொல்லி எழுதவும் வைத்தேன். அடிப்படை இல்லாமல் வந்து நின்றால் நான் என்ன செய்வது?

ஜூலை 16, செவ்வாய்

இன்று ஹாலில் வைத்து எடுத்தேன். அங்கேதான் சன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது.

ஹாலில் எடுத்தால் இவர் இருப்பார். என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன், அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் டூட்டி முடிந்து வரும்போது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். முப்பது வருஷம் அப்படியே ஓடிவிட்டது. மகளும் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். இப்போது இவர் நாள் முழுக்க ஹாலில் டிவியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். "சாப்பாடு எடுத்து வைக்கவா", "மோட்டார் போடு" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது.

டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் பல்பின் வழியாகப் போய் அதே அளவில் திரும்பி வரும் என்று சொல்லி வாயை மூடவில்லை, பின்னாலிருந்து, "அதெப்படி? பல்புல கொஞ்சம் செலவாகாதா?" என்கிறார்.

"ஆகாது."

"எப்படி ஆகாமப் போகும் அன்னம்? நம்ம ஸ்டாண்டுல அம்பது பேர் ஏறுனா பந்தல்குடியில பத்துப் பேர் எறங்கத்தான செய்வான்?"

போன் ஓடிக்கொண்டிருப்பது மறந்துவிட்டது. "ஏங்க, ஆளு யாரும் எறங்கலங்க. ஒவ்வொரு ஆளு கையிலயும் ஒரு பை இருக்குன்னு வைங்க. பல்புகிட்ட வந்ததும் பையில உள்ளதை மட்டும் கொட்டிட்டு, ஆளு வெறும் பையோட பேட்டரிக்குத் திரும்பி வாரான். பேட்டரி மறுபடி பையை நெரப்பி அனுப்புது. ஆளுக போறதுதான் மின்னோட்டம். பையில இருக்கிறது ஆற்றல். பல்புக்கு வேண்டியது பையில உள்ளதுதான், ஆளு இல்ல."

"அப்ப பேட்டரி தீந்து போச்சுங்கிறோமே?"

"பையில போட அதுகிட்ட ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

"அதை மொதல்லயே இப்படிச் சொல்ல வேண்டியதுதான?" என்று டிவியைப் போட்டுவிட்டார்.

என்ன திமிர் பாருங்கள். மறுபடி எடுக்கலாமென்றால் வெளிச்சம் போய்விட்டது. நடுவில் வெட்டுவது எப்படியென்றும் தெரியாது. அப்படியே அனுப்பிவிட்டேன். மானம் போகப் போகிறது.

ஜூலை 17, புதன்

வீடியோவை நாற்பது பேரும் கடைசி வரை பார்த்திருக்கிறார்கள். சிலர் இரண்டு தடவை. ஜெனிபர்தான் போனில் கணக்கெடுத்துக் காட்டினாள். வகுப்பில் பேட்டரி, கம்பி, பல்பு கொடுத்துக் குழுவாக உட்கார வைத்தேன். "ஏய், இந்தப் பல்புல பாதிப் பை, அந்தப் பல்புல பாதிப் பைன்னு கொட்டுறாண்டி, அதான் ரெண்டும் மங்கலா எரியுது" என்று ஷர்மிளா பானு பக்கத்துப் பிள்ளையிடம் சொல்கிறாள். சரியான விடை! நான் மேசையைத் தட்டி "சத்தம்!" என்றேன், பழக்கத்தில்.

சீட்டுகளில் வழக்கம்போல "சந்தேகம் இல்லை டீச்சர்." என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பின்னணிச் சத்தமில்லாமல் ஒழுங்காக எடுப்போம் என்று படுக்கையறையில் கதவைத் தாழ்போட்டு இரண்டு வீடியோ எடுத்தேன். இஸ்திரி போட்ட சேலை, திருத்தமான தமிழ். பதினோரு பேர்தான் முழுதாகப் பார்த்தார்கள். வகுப்பில் எல்லாம் தூங்கு மூஞ்சிகள். பாடம் கொஞ்சம் வறட்டுப் பாடம், வேறென்ன.

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஹாலில் எடுக்கப் போகிறேன். வெளிச்சத்துக்காகத்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கிர்க்காஃப் விதி. இவர் இரண்டு இடத்தில் குறுக்கே பேசினார். நான் நான்கு தடவை "ஏங்க" சொல்லியிருக்கிறேன். முப்பத்தொன்பது பேர் பார்த்திருக்கிறார்கள். நாற்பதாவது பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

இவர் இப்போதெல்லாம் தினமும் சவரம் செய்கிறார். சாயங்காலம் பால் வாங்கப் போகிறவர், லுங்கியோடு போய்க்கொண்டிருந்தவர், பேண்ட் போட்டுக்கொண்டு போகிறார். பால் பூத் தெருமுனையில்தான் இருக்கிறது. போய்விட்டு வர ஒரு மணி நேரமாகிறது. கேட்டால், "பஸ் ஸ்டாப்புல பழைய சிநேகிதங்க ரெண்டு பேரு" என்கிறார். சரி, வீட்டிலேயே கிடப்பதற்கு இது தேவலை.

ஆகஸ்ட் 22, வியாழன்

வீட்ஸ்டோன் சமனச்சுற்று. இவர் கேட்கிறார்: "நடுவுல இருக்க கம்பியில கரண்டே போகலைன்னா அந்தக் கம்பி எதுக்கு அன்னம்? கழட்டி வெச்சிரலாமே?"

நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை கேட்டதில்லை. "கரண்டு போகலைங்கிறதைத் தெரிஞ்சுக்கத்தாங்க அந்தக் கம்பி. தராசுல முள்ளு நடுவுல நிக்குதுன்னு முள்ளைப் புடுங்கிப் போட்டுருவீங்களா?" என்றேன். சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

கையை நீட்டியபோது பார்த்தேன், உள்ளங்கை முழுக்கப் பேனாக் கிறுக்கல். கண்டக்டர் புத்தி. பாக்கிச் சில்லறையைக் கையில் எழுதிக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. "கையைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க" என்று விரட்டினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

"அகமின்தடை" என்கிறார்! கம்பி என்றும் ஒயர் என்றும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், "ரெண்டு மின்கலத்தைப் பக்க இணைப்புல போட்டா அகமின்தடை ஏன் கொறையுது?" என்று பிசகில்லாமல் கேட்கிறார். வீட்டில் என் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு அறிவு வளர்ந்திருக்கிறது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக இல்லை, கத்தரிக்காய் வாடிப்போயிருந்தது.

அக்டோபர் 9, புதன்

காலாண்டுத் தாள்களைக் கொடுத்தாயிற்று. போன வருஷம் ஏழு பேர் பெயில், இந்த வருஷம் ஒருத்திதான். சொந்தமாக யோசித்து எழுத வேண்டிய கேள்விகளைத்தான் வழக்கமாக எல்லோரும் விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை அவற்றை எழுதியிருக்கிறார்கள். கார்த்திகைச்செல்வி அறுபத்தொன்று!

ஆனால் திலகவதி கேட்டது மார்க் இல்லை. வகுப்பில் இப்போது சத்தம் இருக்கிறது. குழுவாக உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் போனால் மட்டும் மோட்டாரை நிறுத்தினது மாதிரி எல்லாம் நின்றுவிடுகிறது. "சந்தேகம் இருக்கா?" "இல்ல டீச்சர்." நவம்பருக்கு நாள் அதிகமில்லை. ஜெனிபர் வேறு நல்ல பெண்ணாக இருந்து தொலைக்கிறாள், கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வீடியோவை நடுவில் வெட்டுவது எப்படியென்று இன்று அவளே உட்கார்ந்து சொல்லித்தந்தாள்.

அக்டோபர் 18, வெள்ளி

நேற்று எடுத்தது லென்ஸ் விதி. காந்தத்தைக் கம்பிச்சுருளின் அருகே கொண்டுபோனால் சுருள் அதைத் தள்ளும், விலக்கினால் தன் பக்கம் இழுக்கும். இதைச் சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து குரல்.

"கிட்ட வந்தா தள்ளுது. விட்டுட்டுப் போனா இழுக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளும் அப்படித்தான்."

"யாரு?"

"இயற்பியல் டீச்சர்."

வெட்டத் தெரியும் இப்போது. வெட்டத்தான் உட்கார்ந்தேன். அந்த இடத்தை வெட்டினால் அடுத்து வருகிற விளக்கமும் துண்டாகப் போகிறது. அதனால் விட்டுவிட்டேன். இன்று நான் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகளும் துப்பட்டாவால், கையால், புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். லென்ஸ் விதி இந்த ஜென்மத்தில் எவளுக்கும் மறக்காது.

நவம்பர் 6, புதன்

சிலிண்டர் வந்தது. திலகவதி தேதி சொல்லிவிட்டாள். இருபத்தொன்று, வியாழன், மூன்றாம் பீரியட்.

நவம்பர் 19, செவ்வாய்

தலைவலி. பிளஸ் ஒன் சிறப்பு வகுப்பை ஜெனிபரிடம் விட்டுவிட்டு சீக்கிரமே கிளம்பினேன். பள்ளி முக்கு பஸ் ஸ்டாப்பைத் தாண்டும்போது சிரிப்புச் சத்தம். திரும்பினால், இவர். சிமெண்ட் பெஞ்சில் பால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுற்றி நிற்பது முழுக்கப் பன்னிரண்டு பி.

கார்த்திகைச்செல்வி இரண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். "அது எப்படி சார், வைரத்துக்குள்ள வெளிச்சம் போச்சு, திரும்பி வராதுன்னா அது அங்கயே கெடக்குமா? டீச்சர்கிட்ட இதைக் கேளுங்க சார். ஆனா நான் கேட்டேன்னு சொல்லிறாதீங்க."

"ஏ தாயி, மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்" என்று இவர் உள்ளங்கையில் எழுதுகிறார்.

அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு கணீரென்ற குரல் இருக்கிறதென்று எனக்கு இன்றுதான் தெரியும்.

மரத்துக்குப் பின்னால் நின்றேன். ஒளிந்து நிற்கவில்லை, வெயில். பஸ் வந்தது. "படியில நிக்காத, உள்ள போ உள்ள போ" என்று இவர் அத்தனை பேரையும் ஏற்றிவிட்டுப் பழக்கத்தில் ஒரு விசிலும் அடித்தார். பஸ் போய்விட்டது. நான் அடுத்த தெரு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்ஸ்டோன் கேள்வி யாருடையது? அகமின்தடை யாருடையது? என் வீட்டுக்காரருக்கு அறிவு வளர்ந்துவிட்டதென்று கருவாட்டுக் குழம்பு வைத்தேனே!

எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. எப்படியோ பாடம் புரிந்தால் சரி. இத்தனை வருஷமாகத் தினமும் கேட்கிறேன், "சந்தேகம் இருக்கா" என்று. பெட்டி வேறு வைத்தேன். சீட்டு வேறு வெட்டிக் கொடுத்தேன். அத்தனையையும் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் பால் வாங்க வந்த மனுஷனிடம் போய்க் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நவம்பர் 20, புதன்

இருந்தது. வருத்தம் இருந்தது. காலையில் தோசை ஊற்றும்போது கேட்டுவிட்டேன். "பஸ் ஸ்டாப்புல எத்தனை நாளா டியூஷன்?"

முழித்தார். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஜூலையில் அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாப்பில் இவர் குரலை அடையாளம் கண்டு, "பை சார்தான நீங்க?" என்று வந்து பேசினார்களாம். பேச்சுவாக்கில் ஒருத்தி ஒரு சந்தேகம் சொன்னாளாம். இவர் வந்து வீடியோவில் கேட்டாராம். மறுநாள் இரண்டு பேர். அப்புறம் வரிசை கட்டிவிட்டார்களாம்.

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டக் கேக்க அதுகளுக்கு அவ்வளவு பயமா? நான் என்ன புலியா, கடிச்சா தின்னுறப் போறேன்?"

தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார். "பிள்ளைகளை விடு அன்னம். எனக்கே முப்பது வருஷமா உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா பயந்தான். அந்த வீடியோ ஓடும்போதுதான் பயமில்ல. நாலு பேரு பாக்குறாங்கன்னு நீ நல்லபடியா பதில் சொல்லுவ."

அடுத்த தோசை கருகிவிட்டது.

சாயங்காலம் வீடியோ எடுக்கும்போது அவரை மொட்டை மாடிக்கு அனுப்பினேன். முழு அக எதிரொளிப்பு, இரண்டாம் பகுதி, எட்டு நிமிஷம். குறுக்கே ஒரு சொல் இல்லை. ஒரே தடவையில் முடிந்துவிட்டது. அனுப்பிவிட்டேன். நாளை திலகவதி வருகிறாள். வந்தால் வரட்டும். ஒன்பதாம் வகுப்பு ஒன்றும் கேவலமில்லை.

அவர் மாடியிலிருந்து ஏழரைக்குத்தான் இறங்கி வந்தார். கொசு கடித்திருந்தது. ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே பிசைந்து சாப்பிட்டார்.

நவம்பர் 21, வியாழன்

மூன்றாம் பீரியட். திலகவதி கடைசி பெஞ்சில் கார்த்திகைச்செல்வி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், பேனாவோடு. பிள்ளைகளுக்குக் கண்ணாடிக் கட்டியும் லேசர் விளக்கும் கொடுத்தேன். செய்தார்கள். கோணம் அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் உயிரே இல்லை. குசுகுசுப்புக்கூட இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"சந்தேகம் இருக்கா?"

"இல்ல டீச்சர்."

நாற்பது குரலும் ஒன்றாக. திலகவதி ஏதோ எழுதினாள். என் பிளஸ் டூ போய்விட்டது என்று அந்தப் பேனா அசைந்ததிலேயே தெரிந்தது. எனக்குக் கால் வலித்தது. முதல் பெஞ்சில் ஷர்மிளா பானுவை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பு நேரத்தில் பிள்ளைகளின் பெஞ்சில் நான் உட்கார்வது இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை மிக உயரத்தில் இருக்கிறது.

பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. கார்த்திகைச்செல்வி எழுந்து நிற்கிறாள். பாத்ரூமுக்குப் போகக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"டீச்சர்... சார் எங்க?"

"எந்த சாரு?"

"நம்ம சார். நேத்து வீடியோவுல சத்தமே இல்ல. மேலுக்கு முடியலையா டீச்சர்?"

பாருங்கள், என்னை நேருக்கு நேர் பார்த்து ஒரு பிள்ளை தானாக எழுந்து கேட்கிற கேள்வி. ஒளியைப் பற்றி இல்லை, கோணத்தைப் பற்றி இல்லை. என் வீட்டுக்காரர் எங்கே என்று! திலகவதி எதிரில் பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"நல்லாத்தான் இருக்காரு. நான்தான் மாடிக்கு அனுப்பிட்டேன். கோபம்."

"ஏன் டீச்சர் கோபம்?" இது ஷர்மிளா பானு, என் தோளுக்குப் பக்கத்திலிருந்து.

"என்கிட்டக் கேக்க வேண்டியதை எல்லாரும் அவர்கிட்டப் போய்க் கேட்டீங்கல்ல? முந்தாநாள் பஸ் ஸ்டாப்புல பாத்தேன்."

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. கார்த்திகைச்செல்வி மட்டும் உட்காரவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "டீச்சர், சார் கேட்டா நீங்க 'ஏங்க'ன்னு ஆரம்பிச்சுச் சொல்லுவீங்க. நாங்க கேட்டா 'இதுகூடத் தெரியாதா'ன்னு ஆரம்பிப்பீங்க. சார்கிட்டச் சொல்ற மாதிரி எங்களுக்கும் சொன்னா நாங்க உங்ககிட்டயே கேப்போம்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணும் கலங்கிவிட்டது, அதை ஏன் இங்கே எழுதாமல் விட வேண்டும். திலகவதி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"சரி" என்றேன். "இப்பக் கேளு. அன்னிக்கு சார் கையில எழுதிக்கச் சொன்னியே, அதையே கேளு."

"வைரத்துக்குள்ள போன வெளிச்சம் திரும்பத் திரும்ப உள்ளயே அடிபட்டுக்கிட்டு இருக்கும்னு சொன்னீங்க. வெளிய வராதுன்னா, வைரம் எப்படி டீச்சர் மின்னுது? நம்ம கண்ணுக்கு என்ன வருது?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது, "இதுகூட". முழுங்கினேன். முழுங்கிவிட்டு வேறெதுவும் தோன்றாமல், "ஏங்க," என்று ஆரம்பித்தேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். திலகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். சிரிப்பு அடங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொன்னேன். "கூட்டமான பஸ்ஸுல பின் வாசல்ல ஏறிட்டன்னு வை. முட்டி மோதிப் பாக்குற, எறங்க முடியல. அங்க திரும்புற, இங்க திரும்புற. ஒரு பக்கம் வாசல் நேராக் கெடைச்சதும் ஒரே தாவு. வெளிச்சமும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கமா மோதும். சாய்வா மோதுற வரைக்கும் உள்ளயேதான் திரும்பும். ஒரு முகத்துல கொஞ்சம் நேரா விழுந்துச்சுன்னா வெளிய வந்துரும். அப்படி வந்ததுதான் உன் கண்ணுல மின்னுது. வைரத்தைப் பட்டை தீட்டுறவங்க அந்த வாசலை எங்க வைக்கணும்னு பாத்துத்தான் தீட்டுவாங்க."

"அப்பப் பட்டை தீட்டாத வைரம் மின்னாதா டீச்சர்?" இது இன்னொருத்தி.

"கண்ணாடிக்கும் பட்டை தீட்டுனா மின்னுமா?" இது மூன்றாவது பெஞ்ச்.

மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அடுத்த பீரியட் தமிழம்மா வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழுந்தேன். திலகவதி வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிளஸ் டூ உங்களுக்குத்தான் டீச்சர். இனிமே நான் வரல. ஆனா எனக்கும் அந்த வீடியோவை அனுப்புங்க. சார் பேசுறது மட்டும் போதும்."

சர்க்கரைதான். ஆனாலும் இனித்தது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "பிள்ளைக உங்களைக் கேட்டுச்சுக."

"என்ன கேட்டுச்சுக?"

"மேலுக்கு முடியலையான்னு."

முகம் மலர்ந்துபோய்விட்டது மனுஷனுக்கு. கொசுக் கடித்த இடத்துக்கு எண்ணெய் தடவிவிட்டேன்.

நவம்பர் 26, செவ்வாய்

சீட்டுப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். நேரிலேயே கேட்கிறார்கள். கேட்டுத் தொலைக்கிறார்கள். இன்று ஒருத்தி, இடி இடிக்கும்போது செல்போன் பேசலாமா என்று ஆரம்பித்து அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டாள். "இதுகூட" என்று இரண்டு தடவை வாயில் வந்துவிட்டது. வந்தவுடனே நாற்பது பேரும் சேர்ந்து "ஏங்க!" என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். இந்தப் பள்ளியில் மரியாதை என்பதே இல்லாமல் போய்விட்டது.

இவர் பாலை வாங்கிக்கொண்டு பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார்.

நவம்பர் 29, வெள்ளி

திங்கட்கிழமைக்கான வீடியோ எடுத்தேன். இவர் வழக்கமான நாற்காலியில்தான் இருந்தார். டிவியை நான் சொல்லாமலே அணைத்தார். பாடம் முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. போனை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

"என்னங்க, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"பிள்ளைகதான் இப்ப உங்கிட்டயே கேக்குதுகளே. என் வேலை முடிஞ்சுபோச்சு." கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

"அதுக சந்தேகத்தை அதுக கேக்கட்டும். உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கும்ல, அதைக் கேளுங்க."

நான் என்னவோ வில்லை, குவியத் தொலைவு என்று ஏதாவது வரும் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு உனக்கு லீவுதான? காலம் பூரா பஸ்ஸுல போனேன், ஒரு நாளும் உக்காந்து போனதில்ல. திருச்செந்தூர் வண்டியில சன்னலோரமா ரெண்டு சீட்டு புடிச்சு, போயிட்டு வருவமா அன்னம்?"

"ஏங்க," என்று ஆரம்பித்துப் பதில் சொன்னேன்.

பிறகு உட்கார்ந்து வீடியோவைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். வெட்டுவது எப்படியென்று ஜெனிபர் சொல்லித்தந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வெட்டவில்லை.